குளத்துல ஏடு கட்டுற பச்சை: எந்தப் பாசின்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?

வெண்ணாத்தங்கரை / ஏப்ரல் 17, காலை

நீடாமங்கலம் பக்கம் எங்க ஊரு. பங்குனி கடைசிலேர்ந்து ஊர்க்குளத்துத் தண்ணி மேல பச்சை பெயிண்டைக் கொட்டுன மாதிரி கெடக்கு. வடக்குப் படித்துறைல கனமா ஏடு கட்டி நிக்குது, மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் கொறையுது, விடிஞ்சா திரும்ப வந்துருது. நாத்தம் வேற. வெறும் பாசிதான், மாடு குடிச்சா ஒண்ணும் ஆகாதுங்கிறார் ஒருத்தர். விஷப்பாசிங்கிறார் இன்னொருத்தர். மீன் குத்தகை எடுத்தவரு மயில்துத்தம் வாங்கி வச்சுட்டாரு, போட்டா ரெண்டு நாள்ல செத்துரும்னு. இது என்ன பாசி? கண்ணால பாத்து சொல்ல முடியுமா?

பாமணிக்கரை / ஏப்ரல் 17, இரவு

மொதல்ல மயில்துத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க தம்பி, பாசி பேரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். அது பாசியக் கொல்லும், அதுல சந்தேகமில்ல. ஆனா இது விஷம் வச்சிருக்கற ஜாதியா இருந்தா, உசுரோட இருக்கறவரைக்கும் விஷத்துல பெரும்பங்கு செல்லுக்குள்ளயே இருக்கும், செத்து ஒடைஞ்சா மொத்தமும் தண்ணில கலந்துரும். அப்பறம் தண்ணி தெளிவாத் தெரியும், சனம் எறங்கிக் குளிக்கும், மாடு குடிக்கும். அத்தோட அவ்வளவு பாசி ஒரே நேரத்துல அழுகுனா தண்ணில ஆக்சிஜன் தீந்து குத்தகைக்காரரு மீன்தான் மொதல்ல மெதக்கும். இத அவருகிட்ட சொல்லுங்க, கேப்பாரு.

நீங்க எழுதுனதுலயே ஒரு துப்பு இருக்கு. காலைல மேல வருது, மத்தியானம் கொறையுதுன்னீங்கள்ல. சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப்பாசி, அதுல பல ஜாதிக்குச் செல்லுக்குள்ள குட்டிக் குட்டிக் காத்துக் கூடுங்க இருக்கு, அதான் மெதக்குது. வெயில்ல சர்க்கரை செஞ்சு சேத்துக்கிட்டா கனம் கூடி எறங்கும், ராத்திரி அந்தச் சர்க்கரை செலவாயிட்டா திரும்ப மேல வரும். அதனால காத்தடிக்காத விடியக்காலைலதான் போய்ப் பாக்கணும். பத்து மணிக்கு மேல போயிட்டு ஒண்ணும் இல்லியேன்னு திரும்பி வந்தவங்க நெறைய.

நாளைக்குக் காலைல ரெண்டு வேலை செய்யுங்க. கைல பிளாஸ்டிக் கவரு மாட்டிக்கிட்டு ஒரு நீளக் குச்சிய ஏட்டுல விட்டு எடுங்க. குச்சில நார் நாரா, முடி முடியாத் தொங்குனா அது இழைப்பாசி, +2 தாவரவியல் பிராக்டிகல்ல ஸ்பைரோகைரா பாத்திருப்பீங்களே, அந்தக் கூட்டம். குச்சி முழுக்கப் பச்சையாப் பூசிக்கிட்டு வழிஞ்சா சந்தேகத்த வச்சுக்கங்க. தனித்தனியா குட்டி எலை ஒட்டியிருந்தா அது பாசியே இல்ல, செடி. வெறும் பச்சைக் குருணை மாதிரி விரல்ல உருளுற வுல்ஃபியாகூட செடிதான், அதுல நெறைய பேர் ஏமாந்துருவாங்க.

பாமணிக்கரை / ஏப்ரல் 18

ரெண்டாவது வேலைய எழுத வுட்டுட்டேன். உள்ள இருக்கறது தெரியற பாட்டில்ல குளத்துத் தண்ணிய முக்காவாசி பிடிங்க, ஏட்ட மட்டும் வழிச்சு எடுக்காதீங்க, கையகல ஆழத்துலேர்ந்து எடுங்க. குலுக்காம நெழல்ல ராத்திரி முழுக்க வைங்க. காலைல பச்சை மேல வந்து வளையம் கட்டியிருந்தா காத்துக்கூடு உள்ள பாசின்னு எடுத்துக்கலாம். அடில படிஞ்சிருந்தா பெரும்பாலும் பச்சைப்பாசி. ஃப்ரீசர்ல வச்சுராதீங்க, செல்லெல்லாம் வெடிச்சு அப்பறம் மைக்ராஸ்கோப்ல பாக்க ஒண்ணும் மிஞ்சாது.

கரையோரம் காஞ்சு போன ஏடு இருக்கான்னும் பாருங்க. கல்லுல, படில ஒட்டிக் காஞ்சது நீலமா, மயில் கழுத்து நெறத்துல தெரிஞ்சா அது ஃபைகோசயனின்ங்கற நீல நெறமி, செல்லு செத்து ஒழுகுனது. பச்சைப்பாசில அந்த நீலம் வரவே வராது. நம்மூரு கோடை வெயிலுக்கு இந்த அடையாளம் சுலபமாக் கெடைக்கும்.

ஓரத்தநாட்டான் / ஏப்ரல் 18

நீலப்பச்சைப்பாசின்னா உரம்தானே! வேளாண்மை ஆபீஸ்லயே பாக்கெட் போட்டுத் தராங்க. அள்ளி வயல்ல போடுங்க, யூரியா மிச்சம்.

பாமணிக்கரை / ஏப்ரல் 18, இரவு

அண்ணே, பாதி சரி, பாதி ஆபத்து. நெல் வயல்ல நீலப்பச்சைப்பாசி தழைச்சத்த நிலைநிறுத்துதுன்னு 1939லயே பி.கே. டே எழுதிட்டாரு. அசோலா எலைக்குள்ள குடியிருக்கறதும் அனபீனாங்கற நீலப்பச்சைப்பாசிதான், அத நம்ம டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா பாக்கெட்ல வர்றது அதுக்குன்னு பொறுக்கி வளத்த வகை. குளத்துல ஏடு கட்டுற மைக்ரோசிஸ்டிஸ்ங்கற நீலப்பச்சைப்பாசி காத்துலேர்ந்து தழைச்சத்து எடுக்கவே எடுக்காது, அது நம்ம வயல்லேர்ந்து ஓடி வந்த யூரியாவையும் டிஏபியையும் தின்னுட்டு வளந்தது. அத அள்ளி நாத்தங்கால்ல போட்டா வேர் வழியா விஷத்த இழுத்துக்கும், நாத்து வளர்ச்சி கொறையும்னு ஆய்வுகள் இருக்கு. ஒரே குடும்பப் பேருங்கறதுக்காக ரெண்டையும் ஒண்ணா நெனச்சுராதீங்க.

வெண்ணாத்தங்கரை / ஏப்ரல் 20

அக்கா, குச்சில பூசிக்கிச்சு, நார் இல்ல. பாட்டில்ல மேலதான் நிக்குது. மயில்துத்தம் இப்போதைக்குப் போடலன்னு சொல்லிட்டாரு, ஆனா எத்தன நாளைக்குன்னு தெரியல. இன்னொண்ணு, குளத்துக்குப் பக்கத்துல மாடு கட்டுற எடத்துல ஒரு குட்டை, அது காலைல பச்சையா இருந்துச்சு, உச்சி வெயில்ல செங்கல் செவப்பு. அதே பாசியா?

பாமணிக்கரை / ஏப்ரல் 20, இரவு

குட்டை வேற கதை! நெறம் மாறுதுன்னா அது யூக்ளினாங்கற நீந்துற ஒத்தச் செல்லு உயிரியாத்தான் இருக்கணும், அதுல யூக்ளினா சாங்குவினியா. வெயில் ஏறுனா செவப்பு நெறமித் துகள்களச் செல்லோட வெளிப்பக்கம் பரப்பிக்கும், வெயில் தாழ்ந்தா உள்ள இழுத்துக்கும், பச்சை தெரியும். மாட்டுச் சாணமும் மூத்திரமும் சேர்ற குட்டைன்னா அதுக்கு வாழ்வுதான். யூக்ளினான்னா பயமில்லன்னும் நெனைக்காதீங்க, அந்த ஜாதில சில ரகம் மீனுக்கு ஆகாத விஷம் சுரக்கும்.

இதப் படிச்சதும் நான் மொதல்ல சொன்ன சோதனைங்க மேல ரெண்டாம் யோசனை வருது. யூக்ளினாவும் குச்சில பெயிண்ட் மாதிரிதான் பூசும். வெளிச்சத்தப் பாத்து நீந்தி மேல வந்து நிக்கவும் செய்யும், அதனால பாட்டில் சோதனைலயும் சயனோ மாதிரியே காட்டும். ரெண்டையும் பிரிக்க நான் செய்யறது சிரிஞ்ச்.

1895ல கிளேபான்னு ஒரு ஜெர்மன்காரரு, மெதக்குற பாசிய பாட்டில் நெறைய ஊத்தி, காத்தே இல்லாம கார்க்கால அடைச்சு, கார்க் மேல சுத்தியலால ஒரு அடி அடிச்சாரு. அழுத்தத்துல காத்துக் கூடெல்லாம் நசுங்கி, மெதந்த பாசி அடிக்குப் போயிருச்சு. இத நாம 2 மில்லி சிரிஞ்ச்ல செய்யலாம். ஊசி வேண்டாம். தண்ணிய இழுத்து, காத்துக் குமிழ் முழுக்க வெளில தள்ளிட்டு, நுனிய ரப்பர் மேல நல்லா ஊனி அடைச்சுக்கிட்டு, பிஸ்டன பலங்கொண்ட மட்டும் அழுத்துங்க. பெரிய சிரிஞ்ச்ல கை அழுத்தம் பத்தாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க, பீச்சியடிக்கும். அழுத்துனத ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பில விடுங்க, பக்கத்துல அழுத்தாத தண்ணிய இன்னொரு குப்பில வைங்க. அழுத்துனது கலங்கல் போயி கருத்த பச்சையாகி அடில எறங்குனா சயனோபாக்டீரியாதான். யூக்ளினாவுக்குக் காத்துக்கூடு கெடையாது, அது பாட்டுக்கு நீந்திக்கிட்டிருக்கும்.

வெண்ணாத்தங்கரை / ஏப்ரல் 21

எறங்கிருச்சு அக்கா! குளத்துத் தண்ணி எறங்குது, குட்டைத் தண்ணி அப்படியே நிக்குது. பிள்ளைங்கள்லாம் கூடி நின்னு பாத்தாங்க.

பாமணிக்கரை / ஏப்ரல் 21

ரொம்ப சந்தோஷம். பிள்ளைங்க கைய சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க. எனக்கு ஒருதடவ உறை போடாம அள்ளி மொழங்கை வரைக்கும் தடிப்பு வந்துருச்சு.

பாமணிக்கரை / ஏப்ரல் 26

மைக்ராஸ்கோப் பத்தித் தனியாக் கேட்டீங்க. ஊரு பள்ளிக்கூடத்துல +2 லேப் இருந்தா போதும், 10 லென்ஸும் 40 லென்ஸும் இருந்தா சரி. இல்லன்னா ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்துல மடிக்கிறது, மனு பிரகாஷ் குழு ஸ்டான்ஃபோர்டுல செஞ்சது, 140 மடங்கு பெருசாக் காட்டும். அதுல மைக்ரோசிஸ்டிஸ் கூட்டம் தெரியும், தனிச் செல்லு புள்ளியாத்தான் தெரியும், ஏன்னா ஒரு மில்லிமீட்டருக்குள்ள ஏறக்குறைய 200 செல்ல வரிசையா நிறுத்தலாம்.

மொதல்ல பாக்க வேண்டியது, செல்லுக்குள்ள பச்சை எங்க இருக்குங்கறது. பச்சைப்பாசில பச்சை ஒரு பைக்குள்ள அடைஞ்சிருக்கும், சுருளா, தட்டா, கிண்ணமா, செல்லுல மிச்ச எடம் வெறுமையாத் தெரியும். சயனோவுல பையே இல்ல, உட்கருவும் இல்ல, செல்லு முழுக்க ஒரே நெறம். சந்தேகம்னா பீட்டாடின் ஒரு சொட்டத் தண்ணில கலந்து ஓரத்துல விடுங்க, பச்சைப்பாசில ஸ்டார்ச் இருக்கு, கருநீலமா மாறும். சயனோ வெறும் பழுப்புதான் ஏறும்.

அப்பறம் உருவம். நம்ம பக்கம் கோடைல நான் திரும்பத் திரும்பப் பாக்கறது மூணு கூட்டம். உருவமில்லாத கட்டியா, நடுநடுவ ஓட்டை விழுந்து, உள்ள கருப்பு மணலு தூவுன மாதிரி இருந்தா மைக்ரோசிஸ்டிஸ். அந்தக் கருப்பு காத்துக்கூடுங்கதான், வெளிச்சத்தச் செதறடிக்குது. சிரிஞ்ச்ல அழுத்துனதப் பக்கத்துல வச்சுப் பாருங்க, கருப்பு போயி சுத்தமா நீலப்பச்சை வந்திருக்கும், எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது. கூட்டத்தச் சுத்தி வழவழன்னு ஒரு கூழ் இருக்கும், சாதாரணமாக் கண்ணுக்குத் தெரியாது, ஸ்டேஷனரி கடைல விக்கிற இந்தியன் இங்க் ஒரு சொட்டு விட்டா சுத்திக் கருப்பாகி கூழு மட்டும் வெள்ளையாத் தெரியும்.

உருண்டைச் செல்லுங்க கோத்த இழையா, நேராவோ சுருண்டோ இருந்தா அனபீனா கூட்டம். இழைல நடுவுல ஒண்ணு மட்டும் வெளிறி, சுவர் தடிச்சு நிக்கும், அதான் ஹெட்டிரோசிஸ்ட், தழைச்சத்து நிலைநிறுத்துற செல்லு. நீள்வட்டமாப் பெருத்தது இருந்தா அது அகைனீட், ஒறக்க நெலை. அகைனீட்ட குறிச்சு வைங்க, குளம் வத்துனா வண்டல்ல கெடந்து, தண்ணி வந்ததும் மொளைக்கும்.

குறுக்குச் செவரு நெருக்கமா, ஹெட்டிரோசிஸ்டே இல்லாத நேர் இழை, மெதுவா அசைஞ்சு வழுக்கிப் போகுதுன்னா ஆசிலட்டோரியா கூட்டம். அது பெரும்பாலும் படித்துறைக் கல்லுலயும் சேத்துலயும் படியும், சில சமயம் அடிலேர்ந்து பேத்துக்கிட்டு கருப்புத் தோலு மாதிரி மெதக்கும்.

நெட்ல வர்ற வெளிநாட்டு வழிகாட்டில புல்லு வெட்டிப் போட்ட மாதிரி செதில் செதிலா ஒரு படம் இருக்கும், அஃபனிசோமெனான். அது பெரும்பாலும் குளிர் நாட்டு ஏரிச் சமாசாரம், நம்ம குளத்துல மொத சந்தேகமா அத வச்சுக்காதீங்க.

வெண்ணாத்தங்கரை / மே 3

படம் போட்டிருக்கேன் அக்கா, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்ல போன வச்சு எடுத்தது. கொஞ்சம் மங்கல்.

பாமணிக்கரை / மே 3, இரவு

மங்கலே இல்ல, அருமையா இருக்கு. மொத ரெண்டு படம் மைக்ரோசிஸ்டிஸ், ஓட்டை விழுந்த கட்டி தெளிவாத் தெரியுது. மூணாவதுல சுருண்டு கெடக்குறது அனபீனா, எடது ஓரத்துல வெளிறின செல்லு ஹெட்டிரோசிஸ்ட். மெதக்குற அனபீனாக்கள 2009ல டோலிகோஸ்பெர்மம்னு தனிப்பேர்ல பிரிச்சுட்டாங்க, அதனால நீங்க தேடறப்ப ரெண்டு பேர்லயும் தேடுங்க. டி.வி. தேசிகாச்சாரி சென்னைப் பல்கலைக்கழகத்துலேர்ந்து எழுதுன சயனோஃபைட்டா, 1959ல வந்தது, கல்லூரி நூலகத்துல இருந்தா எடுத்துப் பாருங்க, அதுல பழைய பேருதான் இருக்கும். எம்எஸ்சி படிக்கறப்ப அதுல இருக்கற கோட்டுப் படங்களப் பாத்துப் பாத்துத்தான் எனக்குக் கண்ணு பழகுச்சு. இன்னிக்கும் போட்டோவ விட அந்தக் கோட்டுப் படந்தான் எதப் பாக்கணும்னு சொல்லிக் குடுக்குது.

நான் பேரினத்தோட நிறுத்திக்கிறேன். மைக்ரோசிஸ்டிஸ்லயே அரூஜினோசாங்கற இனமா வேற இனமான்னு போன் படத்த வச்சுச் சொல்லக்கூடாது.

கீழத்தெரு / மே 4

சரி, மைக்ரோசிஸ்டிஸ்னு ஆயிருச்சு. அப்ப விஷமா இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

பாமணிக்கரை / மே 4

ஒரே வார்த்தைல சொல்ல முடியாது. ஒரே குளத்துல, ஒரே மாதிரி இருக்கற ரெண்டு மைக்ரோசிஸ்டிஸ் கூட்டத்துல ஒண்ணு மைக்ரோசிஸ்டின்ங்கற விஷத்தச் செய்யும், இன்னொண்ணு செய்யாது. அந்த மரபணு இருக்கா இல்லியாங்கறதுதான் வித்தியாசம், மைக்ராஸ்கோப்ல ரெண்டும் ஒண்ணுதான். விஷம் எவ்வளவுன்னு தெரிய எலைசா சோதனை வேணும், இல்லன்னா அதுக்கும் பெரிய கருவி வேணும். குடிதண்ணில லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்ங்கறது உலக சுகாதார நிறுவனம் 1998ல வச்ச அளவு, மைக்ரோசிஸ்டின்ல எல்ஆர்ங்கற வகைக்கு. குளிக்கறதுக்கு, நீந்தறதுக்கு 24ன்னு 2020ல சேத்தாங்க. கனமான ஏட்டுல இது எல்லாத்தையும் எங்கயோ தாண்டிப் போகலாம்.

அதனால பேரு எதுக்குன்னு கேட்டா, எங்க பயப்படணும் எங்க வேண்டாம்னு தெரியறதுக்கு. ஸ்பைரோகைராவுக்காகக் குளத்தப் பூட்ட வேண்டாம். மைக்ரோசிஸ்டிஸ்னு தெரிஞ்சா, இல்லன்னு சோதனை சொல்ற வரைக்கும் விஷம்னே வச்சுக்கிட்டு நடக்கணும். கொதிக்க வச்சா போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மைக்ரோசிஸ்டின் கொதிச்சாலும் போகாது, செல்லு ஒடைஞ்சு வெளிலதான் வரும். மாட்டுக்குத் தொட்டில போர் தண்ணி வைங்க. ஏடு ஒதுங்குற வடக்குத் துறைல பிள்ளைங்க எறங்க வேண்டாம். நாயி எறங்கிட்டு வந்து ஒடம்ப நக்கும், அதையும் கழுவி விடுங்க.

பாமணிக்கரை / மே 5

நேத்து எழுதுனதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஏடு எங்க ஒதுங்குதுங்கறது காத்த வச்சு மாறும். இப்ப தெக்கத்திக் காத்து, அதான் வடக்குத் துறை. ஆடில மேக்கத்திக் காத்து வந்தா கெழக்குக் கரைக்குப் போயிரும், அதே பாசிதான். திருவாரூர் கமலாலயத்த எடுத்துக்கங்க, கோயில் ஐவேலி குளம் ஐவேலிம்பாங்க, அவ்வளவு பெரிய தண்ணில காத்து ஒரு மூலைக்கு ஒதுக்குனா அந்த மூலைல எடுத்த பாட்டிலும் எதிர்க்கரைல எடுத்த பாட்டிலும் வேற வேற குளம் மாதிரி இருக்கும். அதனால பாட்டில் மேல எந்தத் துறை, எத்தன மணி, காத்து எந்தப் பக்கம்னு எழுதாம எனக்கு அனுப்பாதீங்க.

கீழத்தெரு / மே 19

மண்வாசனை மாதிரி ஒரு வாடை வருதே, அதான் விஷ வாடையா? எங்க வீட்ல மீன் கொழம்புலயே அந்த வாடை.

பாமணிக்கரை / மே 19

இல்லங்க. அது ஜியோஸ்மின். அனபீனா, ஆசிலட்டோரியா கூட்டத்துல பலது செய்யும், மழை விழுந்ததும் மண்ணுலேர்ந்து வர்ற வாசனையும் அதேதான், அங்க செய்யறது வேற பாக்டீரியா. மீன் கொழுப்புல ஏறிக்கும், அதான் கொழம்புல தெரியுது. வாடைக்கும் விஷத்துக்கும் சம்பந்தம் இல்ல, வாடையே இல்லாத தண்ணிலயும் விஷம் இருக்கலாம்.

2019 ஆகஸ்ட்ல சென்னைக் கடல் ராத்திரில நீலமா மின்னுச்சே அதுவும் இதானான்னு ஒருத்தரு தனியாக் கேட்டிருந்தாரு. அது நாக்டிலூக்கா, டைனோஃப்ளாஜெல்லேட்ங்கற வேற ஒத்தச் செல்லு உயிரிக் கூட்டம், சயனோ இல்ல. கடல்ல இருக்கற நம்மாளு டிரைக்கோடெஸ்மியம், மரத்தூளக் கொட்டுன மாதிரி மெதக்கும். இங்கயே நிறுத்திக்குவோம், குளத்துக்கு வாங்க.

வெண்ணாத்தங்கரை / ஜூன் 22

அக்கா மேட்டூர் தண்ணி வாய்க்கால் வந்துருச்சு, குளத்துக்கும் மதகத் தொறந்து விட்டாச்சு. ரெண்டு மூணு நாள்ல ஏடு கலைஞ்சு தண்ணி கலங்கலாயிருச்சு. இனிமே எறங்கலாமா? பாசி போயிருச்சுல்ல?

பாமணிக்கரை / ஜூன் 22, இரவு

ஏடு போயிருச்சு, பாசி போகல. புதுத்தண்ணி கலந்து நீத்துப்போச்சு, செவப்புக் கலங்கல்ல வெளிச்சமும் கொறையுது, அது நல்லதுதான். ஆனா மைக்ரோசிஸ்டிஸ் சேத்துல படுத்துக் கெடக்கும், அனபீனாவோட அகைனீட்டும் கெடக்கும். குறுவைக்கு அடியுரம் போட்டு வடிஞ்ச தண்ணி குளத்துல சேர்ந்தா திரும்ப வரும். வடிகால் வாய்க்கால் குளத்துல விழாமத் திருப்ப முடியுமான்னு ஊர்ல பேசுங்க, தூர்வாரறப்ப அடி வண்டலையும் எடுக்கச் சொல்லுங்க, மணிச்சத்து அங்கதான் சேந்து கெடக்கு. குத்தகைக்காரரு சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் கொட்டறதையும் பாதியாக் கொறைக்கலாம்.

இன்னொரு விஷயத்தச் சொல்லாம விடமுடியல. ஏடு கட்டாமயே இருக்கற ஒண்ணு உண்டு, ரஃபிடியோப்சிஸ் ராசிபோர்ஸ்கி. 1912ல ஜாவாவுல மொத மொத விவரிச்சாங்க, நாம படிச்சப்ப சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ், 2018ல பேரு மாறிருச்சு. மெல்லிசு இழை, ஹெட்டிரோசிஸ்ட் நடுவுல இருக்காது, நுனில கூரா ஒட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி முழுக்கப் பரவி நிக்கும், மேல வந்து காட்டிக் குடுக்காது. 1979ல ஆஸ்திரேலியாவுல பாம் தீவுல குடிதண்ணி அணைக்கு மயில்துத்தம் போட்டாங்க, பாசிக்குத்தான். கொஞ்ச நாள்ல 148 பேருக்கு ஈரலும் சிறுநீரகமும் பாதிச்சுப் படுத்தாங்க, பெரும்பாலும் பழங்குடிப் பிள்ளைங்க. எதனாலன்னு தேடிப் போய்த்தான் இந்த இழையப் புடிச்சாங்க. ஏப்ரல்ல மொத வரிலயே மயில்துத்தத்த நிறுத்துங்கன்னு நான் பதறுனது இதனாலதான்.

அதனால தண்ணி தெளிஞ்சதும் ஒரு பாட்டில் எடுங்க, லூகால்ஸ் அயோடின் சொட்டு சொட்டா விட்டு வெளிறின டீ நெறம் வந்ததும் நிறுத்துங்க, ஒரு நாள் அசைக்காம வச்சு அடில படிஞ்சத மட்டும் உறிஞ்சி ஸ்லைடுல பாருங்க. கூடவே அயோடின் விடாத பாட்டிலும் ஒண்ணு வேணும், அயோடின் போட்டா நெறம் தெரியாது.

வெண்ணாத்தங்கரை / ஜூலை 29

நீங்க சொன்ன மாதிரியே ஆடிக்காத்துல கெழக்குக் கரைல மெல்லிசா ஏடு. பாட்டில் எடுத்துப் பாத்தோம், மைக்ரோசிஸ்டிஸ் கொஞ்சம், நுனிக்கூரு இழை ஒண்ணும் கண்ணுல படல. குத்தகைக்காரரு மயில்துத்தத்தத் திருப்பிக் குடுத்துட்டாரு. இப்ப அடுத்த மாசம் மீன் புடிக்கப் போறாங்க, ஜிலேபியும் கட்லாவும். சாப்பிடலாமா?

பாமணிக்கரை / ஜூலை 29, இரவு

திருப்பிக் குடுத்துட்டாரா, அவருக்கு என் நன்றியச் சொல்லுங்க.

மீன் விஷயத்துல, ஜிலேபிக் கெண்டை மைக்ரோசிஸ்டிஸையே தின்னு செரிக்கிற மீனு, அதனால அதோட குடல்ல பாசி இருக்கும். விஷம் சேர்றது குடலும் ஈரலும், சதைல கொறைவு. ஏடு கனமா இருக்கற வாரத்துல புடிக்க வேண்டாம், கலைஞ்சு நாளானப்பறம் புடிக்கட்டும். குடல், ஈரல், பித்தம் எல்லாத்தையும் முழுசா எடுத்துட்டு, போர் தண்ணில நல்லாக் கழுவிட்டுச் சமைக்கட்டும். முழு மீனா அரைச்சோ, குடலோட காயவச்சோ யாருக்கும் குடுக்க வேண்டாம், எடுத்த குடல நாய்க்கும் வாத்துக்கும் போடாம குழில பொதைக்கச் சொல்லுங்க. புடிக்கற அன்னிக்குக் காலைல எந்தக் கரைல ஏடு இருக்குன்னு ஒரு படம் அனுப்புங்க.